நிறைவின் அளவுகோல்

நுழையும்முன்

ஒரு மாணவர் பள்ளிக் கல்வியை நிறைவுசெய்துவிட்டார் என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? அவர் எத்தனை பாடங்களைக் கற்றிருக்க வேண்டும்? அவற்றுள் எவை எல்லார்க்கும் பொதுவானவை, எவை அவரவர் விருப்பத்திற்கு உரியவை? விடுதலை பெற்ற இந்தியா இவ்வினாக்களுக்கு விரிவாக விடைதேட முனைந்தபோது, அப்பணிக்குத் தலைமையேற்றவர் சென்னையைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஒருவர். நாம் இன்று தேர்ந்தெடுத்துப் படிக்கும் பாடப்பிரிவு, அகமதிப்பீடு, துணைத்தேர்வு ஆகியவற்றுக்குப் பின்னுள்ள சிந்தனைகளை அவர் வாழ்வின்வழி அறிவோம்.

இரட்டையருள் இளையவர்

ஆற்காடு இலட்சுமணசாமி 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த அவ்வூர் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. பிற்காலத்தில் ஏ. எல். முதலியார் என்னும் பெயரால் உலகம் அவரை அறிந்தது. அவருடன் இரட்டையராய்ப் பிறந்த மூத்தவர் இராமசாமி. உருவத்தால் பிரித்தறிய முடியாத அவ்விருவரும் ஒரே வீட்டில் வளர்ந்து, கர்நூலில் ஒரே பள்ளியில் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தனர்.

ஆயினும் இருவருடைய வழிகளும் அங்கிருந்து பிரிந்தன. இராமசாமி சட்டம் பயின்று அரசியலில் நுழைந்தார். நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராக விளங்கினார். மைசூர் அரசின் திவானாகவும், ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் உயர்ந்தார். இலட்சுமணசாமியோ சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். ஒரே கருவில் தோன்றி, ஒரே கல்வியைப் பெற்ற இருவருக்கும்கூட நாட்டமும் ஆற்றலும் வேறுவேறாக அமையும் என்பதற்கு அவ்வுடன்பிறந்தாரின் வாழ்க்கையே சான்று. ஒரே பாடத்திட்டம் எல்லா மாணவர்க்கும் பொருந்துமா என்னும் வினாவை எழுப்பப் பின்னாளில் வாய்ப்புப் பெற்றவர் அவ்விருவருள் இளையவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மருத்துவராய், ஆசிரியராய்

பெண்கள் மகப்பேற்றுக்காக மருத்துவமனையை நாடத் தயங்கிய காலத்தில் இலட்சுமணசாமி மகப்பேறு மருத்துவத்தைத் தம் துறையாகத் தேர்ந்தெடுத்தார். எழும்பூரில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றி, தாய்சேய் நலத்தில் பெரும்புலமை பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையும் அவருக்கே உரியது. 1938ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மகப்பேறு மருத்துவ நூல், மருத்துவர் கிருஷ்ணமேனன் பெயருடனும் இணைந்து, பல பதிப்புகளைக் கண்டது. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களின் பாடநூலாக நிலைத்தது.

மருத்துவ ஆசிரியப்பணி அவருக்கு இரண்டு பார்வைகளை வழங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. உடலைப் பார்க்கும் மருத்துவர் ஒருநாளின் உடல்வெப்பத்தை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்வதில்லை. நாடித்துடிப்பு, முந்தைய நோய்க்குறிப்பு, வாழ்நிலை எனப் பலவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வருவார். மேலும், நூலறிவு எவ்வளவு இருந்தாலும் கைத்தேர்ச்சி இல்லாதவரிடம் ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது. மாணவரை ஒரே தேர்வால் எடைபோடுவதும், கைப்பயிற்சி இல்லாத ஏட்டுக்கல்வியை முழுக்கல்வி என்று கொள்வதும் அத்தகைய பயிற்சி பெற்றவர்க்குப் போதாதனவாகத் தோன்றுதல் இயல்பே.

பல்கலைக்கழகத்தின் வாயிலில்

1942ஆம் ஆண்டில் இலட்சுமணசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1969ஆம் ஆண்டுவரை, தொடர்ந்து 27 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அவருடைய பணி, நாட்டு விடுதலை, மொழிவழி மாநில அமைப்பு, தமிழ்நாடு என்னும் பெயர் மாற்றம் ஆகிய பெருநிகழ்வுகளைக் கடந்து நீடித்தது. 1944ஆம் ஆண்டில் வள்ளல் அழகப்பரின் கொடையால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. மதுரையில் பல்கலைக்கழக விரிவாக்க மையம் உருவானது. 1966ஆம் ஆண்டில் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகமே கிடைத்தது.

அந்நாளில் உயர்நிலைப்பள்ளி இறுதி வகுப்பில் தேறியவர்கள் கல்லூரியில் இரண்டு ஆண்டு இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்து பயின்ற பின்னரே பட்ட வகுப்பிற்குச் செல்லலாம். அதனால் உயர்நிலைப்பள்ளிகள் கல்லூரி வேண்டுவதைக் கற்பிக்கும் இடங்களாகவே இயங்கின. பள்ளியில் சேர்ந்தவர்களுள் மிகச்சிலரே கல்லூரிப்படி ஏறினர். எஞ்சிய பெரும்பாலோர் பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்தினர். ஆனால் பாடத்திட்டமோ அந்தச் சிலரை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. கல்லூரிக்குச் செல்லாதவர் கையில் எஞ்சியது ஒரு சான்றிதழ் மட்டுமே. நிலத்தில் உழைக்கவோ, பட்டறையில் பணிபுரியவோ, வாணிகம் நடத்தவோ அது அவருக்குத் துணைநிற்கவில்லை. கல்லூரிக்குச் சென்றவர்களும் உயர்கல்விக்கு வேண்டிய முதிர்ச்சி இன்றியே சென்றனர்.

1948ஆம் ஆண்டில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் இந்திய அரசு பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தை அமைத்தது. சாகீர் உசேன், மேகநாத சாகா முதலிய அறிஞர்களோடு இலட்சுமணசாமியும் அதன் உறுப்பினராக இருந்தார். உயர்கல்வியை ஆராயப் புகுந்த அவ்வாணையம், நாட்டின் கல்விச் சங்கிலியில் வலுவற்ற கண்ணி இடைநிலைக் கல்வியே என்று கண்டது. அடித்தளத்தைச் செப்பம் செய்யாமல் மேல்மாடத்தை உயர்த்த இயலாது என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது.

இடைநிலைக் கல்வி ஆணையம்

1952ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் இந்திய அரசு இடைநிலைக் கல்வி ஆணையத்தை அமைத்து, இலட்சுமணசாமியை அதன் தலைவராக்கியது. அக்டோபர் 6ஆம் நாள் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதன் பணியைத் தில்லியில் தொடங்கிவைத்தார். பரோடா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அன்சா மேத்தா, கல்வியாளர்கள் சையிதைன், சிறீமாலி ஆகியோருடன், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டி, அமெரிக்காவைச் சேர்ந்த கென்னத் வில்லியம்சு ஆகியோரும் உறுப்பினர்களாக விளங்கினர். ஆணையம் விரிவான வினாநிரலை அனுப்பிக் கருத்துகளைத் திரட்டியது. மாநிலங்களில் சுற்றுப்பயணம் செய்து பள்ளிகளை நேரில் கண்டது. ஓராண்டிற்குள், 1953ஆம் ஆண்டில் அறிக்கையை அளித்தது. தலைவரின் பெயரால் அது முதலியார் ஆணையம் என்றே பரவலாக அழைக்கப்படலாயிற்று.

இடைநிலைக் கல்வி என்பது பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் நடைபாதை மட்டுமன்று. அது தன்னளவில் நிறைவுடைய ஒரு கட்டம் என்பதே ஆணையம் கொண்ட அடிப்படை நிலைப்பாடு. அதனோடு படிப்பை முடிப்பவரும் வாழ்க்கையை எதிர்கொள்ளும் ஆற்றலைப் பெற்றிருக்க வேண்டும். குடியாட்சி நாட்டின் குடிமக்களாகச் சிந்திக்கும் திறன், தொழில் செய்யும் திறன், ஆளுமை வளர்ச்சி, தம் வட்டத்தில் தலைமையேற்கும் பண்பு ஆகியவை அக்கல்வியின் நோக்கங்களாக வகுக்கப்பட்டன. இந்நோக்கங்களை ஏற்றுக்கொண்டால், பள்ளி நிறைவுக்கு எவை தேவை என்னும் கணக்கையும் புதிதாகவே போடவேண்டும்.

பிற நாடுகளின் அளவுகோல்கள்

இதே வினாவிற்குப் பிற நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டிருந்தன. அமெரிக்காவில் ஒவ்வொரு பாடத்திற்கும் கற்றல் மதிப்பலகு உண்டு. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணிநேரம் வகுப்பறையில் பயின்றால் ஓர் அலகு என்னும் கணக்கு 1906ஆம் ஆண்டில் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியால் உருவானது. அது கார்னகி அலகு எனப்பட்டது. மொழி, கணிதம், அறிவியல் முதலியவற்றில் குறிப்பிட்ட அலகுகளையும், விருப்பப்பாடங்களில் எஞ்சிய அலகுகளையும் ஆண்டுதோறும் சேர்த்துவரும் மாணவர் பள்ளியை நிறைவு செய்தவராவார். சிறுகச்சிறுகச் சேமிக்கும் முறை அது. ஆயினும், வகுப்பில் அமர்ந்த நேரத்தை அளக்கலாம். பெற்ற அறிவை அவ்வாறு அளக்க முடியுமா என்னும் ஐயமும் அதனுடனேயே வளர்ந்தது.

இங்கிலாந்தில் நெடுங்காலம் குறிப்பிட்ட பாடங்களின் தொகுதியில் ஒருசேரத் தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ் கிடைத்தது. 1951ஆம் ஆண்டில் அம்முறை மாற்றப்பட்டு, தேறிய ஒவ்வொரு பாடத்திற்கும் தனித்தனியே சான்றளிக்கும் புதிய பொதுச்சான்றிதழ் முறை வந்தது. இந்தியாவிலோ, பல ஆண்டு உழைப்பின் பயனை இறுதியில் சில நாள்களில் நடக்கும் தேர்வு ஒன்றே முடிவு செய்தது.

எல்லார்க்கும் பொது, அவரவர்க்குத் தனி

ஆணையம் பள்ளி நிறைவுக்குரிய பாடங்களை இரு கூறுகளாகப் பகுத்தது. முதற்கூறு எல்லார்க்கும் பொதுவானது. தாய்மொழி அல்லது வட்டார மொழி, அதனோடு வேறொரு மொழி, சமூகப் பாடம், கணிதம் உள்ளிட்ட பொது அறிவியல், ஏதேனும் ஒரு கைத்தொழில் ஆகியவை அதில் அடங்கும். சமூகப் பாடமும் பொது அறிவியலும் மேற்கட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உரியவை. நூற்றல், நெய்தல், மரவேலை, உலோகவேலை, தோட்டக்கலை, தையல் போன்றவற்றுள் ஒன்றைக் கற்காத எவரும் பள்ளியை நிறைவு செய்தவராகக் கருதப்படார் என்பது அன்றைய சூழலில் துணிவான கருத்தாகும். உடலுழைப்பைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மை வகுப்பறையிலேயே மாறவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

இரண்டாம் கூறு விருப்பத்திற்கு உரியது. ஏழு பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள பாடங்களில் மூன்றை மாணவர் பயிலவேண்டும். விரும்பினால் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்பிரிவுகள் பலவற்றையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் பள்ளிகள் பல்நோக்குப் பள்ளிகள் எனப்பட்டன. உழவு பயிலும் மாணவரும் அறிவியல் பயிலும் மாணவரும் ஒரே பள்ளியில், மொழிப்பாட வகுப்பில் அருகருகே அமர்ந்து படிப்பர். தொழிற்கல்வி பயில்வோரைத் தனிப்பள்ளிக்கு அனுப்பினால் அது இரண்டாந்தரக் கல்வி என்னும் எண்ணம் வேரூன்றிவிடும். அதைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு.

தெரிந்து தெளிவோம்
ஆணையம் பரிந்துரைத்த ஏழு பாடப்பிரிவுகள்:
1. கலையியல் பாடங்கள்
2. அறிவியல்
3. தொழில்நுட்பம்
4. வணிகவியல்
5. வேளாண்மை
6. நுண்கலைகள்
7. மனையியல்

பாடங்களை வகுத்ததோடு ஆணையம் நின்றுவிடவில்லை. அவற்றைக் கற்பதற்குரிய காலத்தையும் கணக்கிட்டது. ஆண்டிற்குக் குறைந்தது 200 வேலைநாள்கள், வாரத்திற்கு 35 பாடவேளைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 நிமிடங்கள் என்று வரையறுத்தது. ஒரு வகுப்பில் 30 மாணவர் இருப்பதே சிறப்பு. 40 பேருக்கு மிகலாகாது என்றது. மாணவர் தம் இயல்புக்கேற்ற பிரிவைத் தேர்ந்தெடுக்க உதவும் வழிகாட்டி ஆசிரியர்கள் பள்ளிதோறும் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பிரிவுகளை மட்டும் திறந்துவைத்துவிட்டு, எதைத் தேர்வது என்று அறியாத 14 வயதுச் சிறாரைத் தனியே விட்டுவிடலாகாது என்பதை அது உணர்ந்திருந்தது.

இண்டர்மீடியட் வகுப்பை நீக்கி, அதன் ஓராண்டைப் பள்ளியோடும் மற்றோராண்டைப் பட்டப்படிப்போடும் சேர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் மற்றொரு பரிந்துரை. அதன்படி பள்ளிக் கட்டம் மேல்நிலைக் கல்வியாக உயரும்; பட்டப்படிப்பு மூன்றாண்டாகும்.

ஊரும் பள்ளியும்

இத்திட்டத்தின் பொருளை ஓர் ஊரை முன்வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். ஆணையம் பணியாற்றிய நாளில் அரியலூர்ப் பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவியிருந்த நிலப்பகுதி அது. கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் அங்கு மண்ணில் கிடைக்கின்றன. அக்கடலின் கொடையான சுண்ணாம்புக்கல் இன்று ரெட்டிபாளையத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் சிமெண்டாக மாறுகிறது. அதே நிலத்தின் மேற்பரப்பில் வேளாண்மையும் நடைபெறுகிறது.

இத்தகைய ஊரில் பிறந்த ஒரு மாணவிக்குப் பள்ளி எதைத் தரவேண்டும்? தாய்மொழியும் அறிவியலும் நாட்டு வரலாறும் சென்னை மாணவிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவருக்கும் தேவை. அவற்றைக் குறைத்துக் கொடுத்தால் அவர் உலகம் சுருங்கிவிடும். அதே வேளையில், தம் காலடியில் உள்ள கல்லையும் மண்ணையும் பயிரையும் இயந்திரத்தையும் அறியும் வாய்ப்பு அவருக்குப் பள்ளியிலேயே கிடைத்தல் வேண்டும். அவர் நிலவியல் அறிஞராகவும் விரும்பலாம்; வேளாண்மையை முறையாகப் பயிலவும் விரும்பலாம்; கணக்குப்பதிவியல் கற்று வாணிகம் செய்யவும் விரும்பலாம். பொதுப்பாடம் அவருக்குச் சமவாய்ப்பைத் தருகிறது. விருப்பப்பாடம் அவருக்குத் தம் வழியைத் தருகிறது. இரண்டில் எது குறைந்தாலும் நிறைவு என்னும் சொல் பொருளிழந்துவிடும். ஆணையம் இவ்விரண்டையும் ஒரே சான்றிதழுக்குள் பொருத்த முயன்றது.

தேர்வு என்னும் தடை

பாடங்களை எவ்வளவு சீராக வகுத்தாலும் தேர்வுமுறை மாறாவிட்டால் பயனில்லை என்பதை ஆணையம் கண்டது. தேர்வில் கேட்கப்படுவதே கற்பிக்கப்படும், கேட்கப்படாதது கைவிடப்படும். கைத்தொழிலும் விளையாட்டும் நூலகப் படிப்பும் பாடத்திட்டத்தின் தாளில் மட்டுமே இருக்கும்.

எனவே ஆணையம் சில மாற்றங்களைப் பரிந்துரைத்தது. இடைநிலைக் கல்வியின் இறுதியில் ஒரே ஒரு பொதுத்தேர்வு போதும். மாணவரின் தரத்தை முடிவுசெய்யும்போது பள்ளியில் அவ்வப்போது நடத்தும் தேர்வுகளுக்கும், ஆசிரியர் தொடர்ந்து பேணும் பள்ளிப் பதிவேட்டிற்கும் உரிய இடம் தரவேண்டும். இறுதிச் சான்றிதழில் பொதுத்தேர்வின் முடிவோடு, அத்தேர்வில் இடம்பெறாத பாடங்களில் பள்ளி அளித்த மதிப்பீடும், பதிவேட்டின் சுருக்கமும் இடம்பெற வேண்டும். ஒரு மதிப்பெண் கூடியவர் உயர்ந்தவர், குறைந்தவர் தாழ்ந்தவர் என்னும் மயக்கம் நீங்க, எண்களுக்கு மாற்றாக ஐந்து படிநிலைகள் போதும்.

தேறாதவர் குறித்தும் ஆணையம் எண்ணியது. ஒரு பாடத்தில் தவறியவர் எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுதுவது உழைப்பையும் காலத்தையும் வீணாக்குவதாகும். ஆதலால் தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் எழுதித் தேறும் வாய்ப்பை வழங்குமாறு பரிந்துரைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு இழப்பு என்பது பெரும்பாலும் படிப்பையே இழப்பதாக முடியும். விதியில் செய்யப்படும் ஒரு சிறு மாற்றம் ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றவல்லது என்பதற்கு இப்பரிந்துரை நல்ல எடுத்துக்காட்டு.

ஏட்டிலிருந்து நாட்டிற்கு

அறிக்கையைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளில் பல்நோக்குப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிப்படியாகப் பரவியது. சென்னை மாநிலத்தில் இண்டர்மீடியட் வகுப்பு நீங்கிக் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. ஆனால் அந்த ஓராண்டைப் பள்ளியோடு சேர்க்கும் எண்ணம் இங்கு உடனே நிறைவேறவில்லை.

பல்நோக்குப் பள்ளிகளும் எதிர்பார்த்த பயனை முழுமையாகத் தரவில்லை. தொழில்நுட்பமும் வேளாண்மையும் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கிடைப்பது அரிதாயிற்று. பட்டறைக்கும் பண்ணைக்கும் ஆய்வகத்திற்கும் வேண்டிய பொருள்வளம் போதவில்லை. கல்லூரியின் கதவு கலையியலுக்கும் அறிவியலுக்கும் அகலத் திறந்திருந்ததால் பெற்றோரும் அப்பிரிவுகளையே நாடினர். நாட்டின் ஊர்ப்புறங்கள் பலவற்றில் அன்றைய முதல் தேவை ஏழு பிரிவுகளுள் ஒன்றைத் தேர்வதன்று. நடந்துசெல்லும் தொலைவில் ஒரு பள்ளி இருப்பதே. காமராசர் ஆட்சிக்காலத்தில் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டு, மதிய உணவும் வழங்கப்பட்ட பின்னரே பல்லாயிரம் பிள்ளைகள் வகுப்பறையை எட்டினர்.

1964ஆம் ஆண்டு முதல் 1966ஆம் ஆண்டுவரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம், இப்பட்டறிவை ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தது. மிக இளம் வயதில் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் செய்தல் தகாது. முதல் பத்தாண்டுகள் எல்லார்க்கும் பொதுக்கல்வியே வேண்டும். அதன்பின் வரும் மேல்நிலைக் கட்டத்திலேயே பிரிவுகள் தொடங்க வேண்டும் என்று அது கூறியது. விருப்பத்திற்கு இடமளிக்க வேண்டும் என்னும் கொள்கை மாறவில்லை. அதற்குரிய வயதே மாறியது. ஒரு தலைமுறை வகுத்த திட்டத்தின் குறையை அடுத்த தலைமுறை கண்டறிந்து திருத்துதல் அறிவுலகின் இயல்பு. அதனால் முன்னோடியின் மதிப்புக் குறைவதில்லை.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பு மறைந்து, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளியின் பகுதியாயின. பொதுக்கல்விப் பிரிவுகளுடன் தொழிற்கல்விப் பிரிவுகளும் அப்போதே இடம்பெற்றன. கல்லூரிக்கு உரியதாயிருந்த கல்வியில் ஒரு பகுதி பள்ளியை வந்தடைந்தது. தொலைவிலுள்ள நகரத்துக் கல்லூரிக்குச் செல்ல இயலாத பிள்ளைகள், பெண் பிள்ளைகள் குறிப்பாக, அருகிலுள்ள பள்ளியிலேயே பன்னிரண்டு ஆண்டுக் கல்வியைப் பெறும் வழி பிறந்தது. இலட்சுமணசாமி அதைக் காண உயிருடன் இல்லை.

உலகம் போற்றிய வாழ்வு

கல்விப்பணியோடு பொதுநலவாழ்வுப் பணியையும் இலட்சுமணசாமி விடாது செய்துவந்தார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் அதன் செயற்குழுத் தலைவராக விளங்கினார். 1961ஆம் ஆண்டில் புதுதில்லியில் கூடிய 14ஆவது உலக நலவாழ்வு மாநாட்டிற்கும் அவரே தலைமை வகித்தார். இந்திய அரசு அமைத்த நலவாழ்வு ஆய்வு, திட்டக்குழுவின் தலைவராக இருந்து, நாட்டின் மருத்துவத் தேவைகளை ஆராய்ந்தார். அரசு அவருக்கு 1954ஆம் ஆண்டில் பத்மபூசண் விருதையும், 1963ஆம் ஆண்டில் பத்மவிபூசண் விருதையும் வழங்கிச் சிறப்பித்தது.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவர் மறைந்தார். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் மேற்பட்டப்படிப்பு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் கையில் உள்ள சான்றிதழ்

இன்று தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர் இரண்டு மொழிப்பாடங்களையும், தேர்ந்தெடுத்த பிரிவைச் சேர்ந்த நான்கு பாடங்களையும் பயில்கிறார். பாடம் ஒன்றிற்கு 100 மதிப்பெண் என ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண் அகமதிப்பீட்டிற்கு உரியது. செய்முறை உள்ள பாடங்களில் 20 மதிப்பெண் செய்முறைக்கு ஒதுக்கப்படுகிறது. ஒரு பாடத்தில் தேறாதவர் அப்பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதி, அவ்வாண்டிலேயே உயர்கல்விக்குச் செல்லலாம். பொதுவும் விருப்பமும் இணைந்த பாட அமைப்பு, பள்ளியின் மதிப்பீட்டிற்கு ஓரிடம், தவறியவர்க்கு மறுவாய்ப்பு ஆகிய இம்மூன்றும் 1953ஆம் ஆண்டின் அறிக்கை காட்டிய திசையில் அமைந்தவையே.

அறிக்கை விரும்பியவற்றுள் நிறைவேறாதனவும் உண்டு. கைத்தொழில் எல்லார்க்கும் பொதுப்பாடமாக நிலைபெறவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் வழிகாட்டி ஆசிரியர் என்பது இன்றும் எட்ட வேண்டிய இலக்காகவே உள்ளது. ஒற்றை மதிப்பெண்ணைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கமும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அவர் எழுப்பிய வினா ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விடை காண வேண்டிய வினா. பள்ளி நிறைவுக்குரிய பாடங்களை முடிவு செய்தல் வெறும் நிருவாகக் கணக்கு அன்று; ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கிறது, அவர்களுக்கு எதைத் தரக் கடமைப்பட்டுள்ளது என்பதை வெளிப்படுத்தும் உறுதிமொழி அது. பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன், அவர்களுக்குத் தரவேண்டிய ஆசிரியரையும் கருவியையும் காலத்தையும் வழிகாட்டலையும் தந்திருக்கிறோமா என்று பார்ப்பதே நேர்மையான அளவுகோலாகும். அவ்வளவுகோலை நம் கையில் தந்துசென்ற இலட்சுமணசாமி, கல்வி வரலாற்றில் என்றும் நினைக்கப்பட வேண்டியவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் மண்வளம், தொழில்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவற்றைப் பள்ளியில் விருப்பப்பாடமாக அமைக்கலாம் என்பதைக் காரணங்களுடன் எழுதுக.
2. இறுதித்தேர்வு மட்டுமே மாணவரின் தகுதியை முடிவு செய்ய வேண்டுமா என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. நீங்கள் தேர்ந்தெடுத்த பாடப்பிரிவுக்கான காரணங்களை விளக்கி, பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவருக்குக் கடிதம் எழுதுக.